மாவு ஜன்னல் இருந்த இடம்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. ஆனால் ஒரு தூக்குப் பாத்திரத்தைக் காட்டி இது எந்த வீட்டுடையது என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். மூடியின் நடுவில் குழி விழுந்த எவர்சில்வர் தூக்கு தெருமுனை டீச்சருடையது. பச்சை மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா எதிர்வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த நர்ஸுடையது. அடியில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்த சம்படம் மூன்றாவது வீட்டு மருமகளுடையது. பொட்டு இல்லாத அதே சம்படம் அவளுடைய மாமியாருடையது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்பதை அந்தத் தெருவில் முதலில் தெரிந்துகொண்டவன் நானாகத்தான் இருப்பேன்.

சில பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தவருடைய பெயராக அது இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு வருடமாக டீச்சரின் பெயர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவருடைய ஒன்றுவிட்ட நாத்தனாரின் பெயர். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கிறவன் இல்லை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்வதற்கே பக்கத்தில் இருப்பவன் என் விலாவில் இடிக்க வேண்டும். பத்தாவது முடித்ததும் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ரப்பர் பட்டறையில் சேர்ந்தேன். இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. அது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. பட்டறையை ஒரு நாள் மூடிவிட்டார்கள். அப்போது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் பத்து நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினோராவது நாள் என் மனைவி சொன்னாள்:

"வேலை கேட்டு நாலு பேர் முன்னாடி போய் நிக்க உங்களுக்கு வராது. விடுங்க. வீட்ல கிரைண்டர் இருக்கு. முன்னாடி சைக்கிள் ரூம்ல ஜன்னல் இருக்கு. பாத்திரத்த வாங்கினோமா, மாவ ஊத்தினோமா, குடுத்தோமான்னு இருங்க. ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

சைக்கிள் ரூம் என்பது அப்பா கட்டியது. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, அப்போதுதான் வயலைப் பிரித்துக் கல் நட்டிருந்த இடத்தில் அப்பா ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். எங்களுக்கு விற்றவர் அந்த ஊர்க்காரர். அதற்கு முந்தின போகம்வரை அதே இடத்தில் நெல் போட்டவர். மனையை அளந்து கொடுத்த அன்று, அவர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நான்கு மூலைக்கும் நடந்து காட்டினாராம். அப்பா அடிக்கடி சொல்லுவார். வீடு கட்டி முடித்தபோது அப்பா சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார். மழையில் சைக்கிள் துருப்பிடிக்கக் கூடாது என்று கேட்டுக்குப் பக்கத்தில், மதிலோடு ஒட்டி, தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன அறை கட்டினார். "சைக்கிளுக்கு எதுக்குப்பா ஜன்னல்?" என்று அக்கா கேட்டதற்கு, "அதுக்கும் காத்து வேணாமா?" என்றாராம்.

அந்த ஜன்னல்தான் எனக்குப் பதின்மூன்று வருடம் சோறு போட்டது.

காலை ஆறு மணிக்கெல்லாம் ஜன்னல் கட்டையிலும் மதில் மேலும் பாத்திரங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஆட்கள் நிற்க மாட்டார்கள். பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாத்திரம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதுதான் வரிசை. அந்தக் காலத்தில் தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு வைத்த பழக்கம் இது. யாரும் யாருடைய பாத்திரத்தையும் நகர்த்த மாட்டார்கள். நான் ஒவ்வொன்றாக நிரப்பி மூடி போட்டுத் திரும்ப அதே இடத்தில் வைப்பேன். குளித்துவிட்டோ, பால் வாங்கிக்கொண்டோ, குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டோ வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். மாவு தீர்ந்துவிட்டால் பேச வேண்டாம் என்பதற்காக ஓர் அட்டையில் தடித்த மார்க்கரால் "மாவு தீர்ந்தது" என்று எழுதி வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு ஓர் அட்டை, கிரைண்டர் ரிப்பேருக்கு ஓர் அட்டை.

நான் மாவு போட ஆரம்பித்தபோது ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களின் முகம் தெரியும். தெருவில் புதிதாகத் தார் போடும்போதெல்லாம் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு முறையும் தெரு ஒரு சாண் ஏறும். எங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். முதலில் முகங்கள் போயின. அப்புறம் தோள்கள். கடைசி வருடங்களில் ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்ததெல்லாம் இடுப்பும் கையும் பாத்திரமும்தான். வாங்குகிறவர்கள் குனிந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு அது தொந்தரவு. எனக்கு அது எவ்வளவு நிம்மதி என்று யாரிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாவிட்டால் எனக்குப் பேசக்கூட வந்தது. "வெந்தயம் போட்டிருக்கா?" என்று ஒரு கை கேட்கும். "போட்டிருக்கேம்மா. இன்னைக்குக் கொஞ்சம் தண்ணியா இருக்கும், தோசைக்கு வெச்சுக்குங்க" என்று சொல்வேன். இவ்வளவு நீளமாக நான் மனைவியிடம்கூடப் பேசியது கிடையாது.

ஆனால் தெரு உயர்ந்தால் மழைத் தண்ணீர் வீட்டுக்குள்தானே வரும். மார்கழிக்கு முந்தின மழையில் ஒரு வருடம் கணுக்கால் அளவு, மறு வருடம் முழங்கால் அளவு. கிரைண்டர் மோட்டார் இரண்டு முறை போயிற்று. அப்பாவும் அம்மாவும் இல்லாமல் போன பிறகு வீடு எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது. கீழே நானும் என் மனைவியும். மாடியில் தம்பி குடும்பம். அவன் படித்தவன், சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அக்கா பெருங்களத்தூரில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தாள்.

எங்கள் தெருவில் அதற்குள் பாதி வீடுகள் போய்விட்டிருந்தன. கேட்டில் மயில் வைத்த வீடு, செம்பருத்தி வேலி வீடு, மொட்டை மாடியில் புறா வளர்த்த வீடு. ஒவ்வொன்றாக இடித்து, கீழே தூண்கள், மேலே மூன்று மாடி, ஆறு வீடு என்று வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை, சந்தோஷமும் இருந்தது. ஒரு தூக்கு வந்த வீட்டிலிருந்து இப்போது நான்கு டப்பாக்கள் வந்தன.

எங்கள் மனையையும் கேட்டு ஒரு பில்டர் வந்தார். அப்பாவுக்கு மனை விற்றவரின் மகன். அவர்கள் குடும்பம் நிலத்தையெல்லாம் விற்று முடித்த பிறகு, விற்ற நிலத்திலேயே வீடு கட்டிக் கொடுக்கிற தொழிலுக்கு வந்துவிட்டிருந்தது. மூன்று வீடு எங்களுக்கு, மூன்று வீடு அவருக்கு என்று பேச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் எங்கள் ஹாலில் உட்கார்ந்தோம். பில்டர் பிளான் தாள்களை ஆளுக்கு ஒரு கட்டாகக் கொடுத்தார். அவரவர் தங்கள் வீடு இருந்த தாளைப் பிரித்துக்கொண்டார்கள். அக்கா பூஜை அறை கிழக்குப் பார்த்து இருக்கிறதா என்று பார்த்தாள். என் மனைவி சமையல் மேடைக்குக் கறுப்புக் கிரானைட்டா என்று கேட்டாள். முன்கதவு தேக்கா வேங்கையா என்பதில் அரை மணி நேரம் போயிற்று. யாருடைய வீடும் இல்லாத தரைத்தளத் தாளை ஒருவரும் பிரிக்கவில்லை.

தம்பிதான் கேட்டான்: "பார்க்கிங் எத்தனை சார்?"

"ஆறு வீடு, ஆறு பார்க்கிங். ஆளுக்கு ஒண்ணு. பத்திரத்துலயே நம்பர் போட்டு எழுதிக் குடுத்துடறேன். அப்பால நமக்குள்ள பேஜாரு வரக் கூடாது பாருங்க."

"அண்ணனுக்கு வண்டியே கெடையாது. அவர் பார்க்கிங்கையும் சேத்து எனக்கே போட்டுடுங்க. என் ஒய்ஃபும் ஒரு சின்ன கார் பாத்துகிட்டு இருக்கா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்கைந்து முகங்கள் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினால் எனக்குக் காது சூடாகிவிடும். தலையை ஆட்டினேன்.

"பூம்பூம் மாடாட்டம் ஆட்டிட்டான் பாரு," என்று அக்கா சிரித்தாள். "எழுதிக்குங்க சார். அவன் என்னைக்கு வேணாம்னு சொல்லியிருக்கான்?"

மாவு எங்கே போடுவது என்று நான் யோசிக்காமல் இல்லை. கீழே எங்காவது ஒரு மூலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூலைகள் எப்போதும் இருந்து வந்திருக்கின்றன. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் பாத்திரங்கள் போன பிறகு, சைக்கிள் ரூமில் உட்கார்ந்து அந்தத் தரைத்தளத் தாளைப் பிரித்தேன். தூண்கள் கறுப்புக் கட்டங்களாக இருந்தன. படிக்கட்டு, லிஃப்ட், மோட்டார் சுவிட்ச், மீட்டர் பெட்டி, ஆறு நீளக் கட்டங்கள். கேட் எங்கே என்று தேடி அங்கிருந்து விரலால் அளந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்து, ஒன்று என்று நம்பர் போட்ட கட்டம். அது சைக்கிள் ரூம் இருந்த இடம். என் வீட்டு நம்பரும் ஒன்றுதான், அதனால் என் பெயருக்கு வர வேண்டியது. நான் தலையாட்டிக் கொடுத்தது.

மூலை எதுவும் இல்லை.

என் மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "மாடியில மாவு போட முடியாது," என்றாள். "கிரைண்டர் ஓடலாம். ஆனா ஆறு மணிக்கு அம்பது பேர் படியேறி வரணும்னா பக்கத்து வீட்டுக்காரன் விடுவானா? நான் போய் கொழுந்தன்கிட்ட பேசட்டுமா?"

வேண்டாம் என்றேன். அவள் பேசினால் காரியம் நடந்துவிடும். ஆனால் அது மருமகள் பேச்சாகி, அண்ணன் சொல்லவில்லை, அண்ணிதான் கேட்டாள் என்று காலத்துக்கும் நிற்கும். கொடுத்தது நான். திரும்பக் கேட்க வேண்டியதும் நான்தான்.

வேறொன்றும் என்னை அரித்துக்கொண்டிருந்தது. அப்பா காலத்துப் பத்திரத்தில் நான்கு பக்கமும் எல்லை போட்டு, இவ்வளவு அடிக்கு இவ்வளவு அடி என்று இருக்கும். இனி அப்படி இருக்காது. மனையில் பிரிபடாத பங்கு இவ்வளவு சதுர அடி என்றுதான் எழுதுவார்கள். பங்கு உண்டு. எது என்று காட்ட முடியாது. மேலே எனக்கு ஒரு வீடு இருக்கும், கதவு இருக்கும், சாவி இருக்கும். ஆனால் குனிந்து தொட்டு இது என்னுடையது என்று சொல்லக்கூடிய தரை, அந்த ஒன்றாம் நம்பர் கட்டம் மட்டும்தான்.

பத்திரத்தோடு இணைப்பதற்காக எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லித் தம்பி பிளான் தாள்களை ஓர் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு வாரம் அதை உளுந்து டின்னுக்கு மேல் வைத்திருந்தேன். தினமும் மாடிப்படி வரை போவேன், திரும்பி வருவேன். ஒரு நாள் ஆறாவது படி வரை ஏறிவிட்டேன். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று இறங்கிவிட்டேன்.

கடைசியில் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டேன். தரைத்தளத் தாளில் மட்டும் போடவில்லை. அட்டைக்கு எழுதும் மார்க்கரை எடுத்து, ஒன்றாம் நம்பர் கட்டத்துக்குள் "மாவு" என்று எழுதினேன். உறையைத் தம்பி வீட்டுப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஜன்னலில் கூட்டம் இருந்த நேரம். பாத்திரங்களுக்கு நடுவே ஒரு தாள் உள்ளே நீண்டது.

"அண்ணே. இது என்னண்ணே?"

தம்பி உள்ளே வந்து கேட்டிருக்கலாம். ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் தெருவிலிருந்தே கேட்டான். எனக்கு அவனுடைய பெல்ட்டும் கழுத்திலிருந்து தொங்கிய அடையாள அட்டையும் தாளைப் பிடித்த கையும் மட்டும் தெரிந்தன. முகம் தெரியவில்லை.

"மாவு," என்றேன்.

"அது தெரியுது. பில்டர் பாத்தா சிரிப்பாரு. மாவுக்குப் பார்க்கிங்கா?"

"ஏன் சிரிக்கணும்?" என்றது குழி விழுந்த தூக்கு. டீச்சர். "காருக்கு இருக்கலாம், இட்லிக்கு இருக்கக் கூடாதா?"

"டீச்சர், இது எங்க குடும்ப விஷயம்."

"நானும் குடும்ப விஷயமாத்தான் தம்பி வந்திருக்கேன். எட்டரைக்கு இட்லி வைக்கலன்னா எங்க வீட்ல குடும்பமே நடக்காது."

நகப்பூச்சுச் சம்படம் களுக்கென்று சிரித்தது. தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணே, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சரின்னு தலையாட்டின. நான் வீட்ல சொல்லிட்டேன். இப்ப எப்படி?"

"ஆட்டினேன்," என்றேன். "தப்பா ஆட்டிட்டேன்."

கை அசையவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நான் பேசினேன். "மேல எனக்கு எவ்வளவு சின்ன வீடு குடுத்தாலும் சரி. எந்தப் பக்கம் குடுத்தாலும் சரி. கீழ அந்த இடம் எனக்கு வேணும். என் பேர்ல வேணும். உனக்குக் கார் நிறுத்தத் தெருவாவது இருக்கு. எனக்கு நிக்க வேற இடம் கெடையாதுடா."

ஊற்றிக்கொண்டிருந்த மாவு டம்ளரிலிருந்து ஜன்னல் கட்டையில் வழிந்துகொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். தாள் பின்னால் போயிற்று. பெல்ட்டும் அடையாள அட்டையும் போயின. கார்க் கதவு சற்று வேகமாகவே சாத்தப்பட்டது.

அந்த ஜன்னலில் முகம் தெரிந்திருந்தால் நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். தெருவை அவ்வளவு உயரமாக ஏற்றியவர்கள் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

நான்கு நாள் தம்பி பேசவில்லை. அக்கா போன் செய்தாள். "அம்பது வருஷமா வாய் தொறக்காதவன், தொறந்ததும் பார்க்கிங் கேக்கறியேடா! எங்க பெருங்களத்தூர்ல பார்க்கிங்குக்காக ரெண்டு பேர் சட்டைய கிழிச்சிக்கிட்டாங்க. நம்ம வீட்லயும் ஆரம்பிச்சாச்சா?" சிரித்துவிட்டு, பிறகு சொன்னாள்: "என்னோடத அவனுக்குக் குடுக்கலாம்னு பாத்தேன். முடியாதுடா. வாடகைக்கு வரவன் மொதல்ல பார்க்கிங் இருக்கான்னுதான் கேப்பான். நீ கேட்டது தப்பில்ல. ஆனா அன்னைக்கே கேட்டிருக்கலாம்."

பில்டர் நேரில் வந்தார். ஜன்னலுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, தம்பி பேஜாராயிட்டாரு. ரூலு இன்னா தெரியுமா? அங்க சுவரு எழுப்பக் கூடாது. கடை கட்ட முடியாது."

"சுவர் வேண்டாம்."

"இந்த மாதிரி ஜன்னலு கெடைக்காதுண்ணா."

"வேண்டாம்."

"அப்போ வெறுந்தரைக்கா இந்தப் பாடு படுறே?"

"ஆமா."

அவர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "எங்க நைனாவும் இப்டிதான். கடைசி மனைய விக்க சொல்ல ஒரு மூலைய மட்டும் வெச்சிக்கவான்னு கேட்டாரு. மூலைய வெச்சிகினு இன்னா பண்ணுவேன்னு நாங்கதான் சிரிச்சோம்," என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போனார்.

ஐந்தாம் நாள் காலை, அரிசி களையப் போனபோது உறை எங்கள் வாசற்படியில் இருந்தது. தரைத்தளத் தாளை எடுத்தேன். பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கம். "மாவு" என்ற என் கோணல் எழுத்துக்குப் பக்கத்தில், நீல மையில், தம்பியின் கையெழுத்து இருந்தது. கீழே நானும் போட்டேன். அதைப் பற்றி நாங்கள் அன்றும் பேசவில்லை, இன்று வரையும் பேசியதில்லை.

வீட்டைக் காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே அட்டை எழுதி மாட்டினேன். "வீடு கட்டப் போகிறோம். மாதக் கடைசி வரைதான் மாவு. உங்கள் பாத்திரங்களை எடுத்துக்கொள்ளவும்." கடைசி நாள் எல்லோரும் எடுத்துக்கொண்டு போன பிறகு முன்பு யாரோ எடுக்க மறந்துபோன மூன்று பாத்திரங்கள் மிஞ்சின. அதில் ஒன்று நர்ஸின் பச்சை மூடி டப்பா. அவர் எப்போதோ வீடு மாறிப் போயிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. அவருடைய முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. இடது கையில் கடிகாரம் கட்டியிருப்பார். அது வந்தது.

மூன்றையும் எடுத்துக்கொண்டு அஸ்தினாபுரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். கிரைண்டர் ஓடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒன்றரை வருடம் ஒரு கடையில் பொட்டலம் கட்டினேன். வாரம் ஒரு முறை பஸ் ஏறி சேலையூருக்கு வந்து பார்ப்பேன். முதல் முறை வந்தபோது வீடு இல்லை. சைக்கிள் ரூம் சுவரில் அப்பா பூசிய வெளிர்நீலச் சுண்ணாம்பு ஒரு செங்கல் துண்டில் ஒட்டியிருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த முறை மனை வெறுமையாக, எதிர்பார்த்ததைவிடச் சின்னதாகக் கிடந்தது. இவ்வளவு இடத்திலா நாங்கள் இத்தனை பேர் இருந்தோம், ஒரு தென்னை வேறு நின்றது என்று தோன்றியது. பிறகு தூண்கள் எழும்பின. தரையை இந்த முறை தெருவைவிட இரண்டு அடி உயர்த்திப் போட்டார்கள்.

குடிவந்தபோது தரைத்தளம் பளிச்சென்று இருந்தது. மஞ்சள் பெயின்டில் ஆறு கட்டங்கள் போட்டு நம்பர் எழுதியிருந்தார்கள். ஒன்றாம் நம்பர் கட்டத்தின் நடுவில் போய் நின்றேன். நான்கு பக்கமும் திறந்திருந்தது. மறைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இதற்கா அந்தப் பாடு பட்டோம் என்று ஒரு நிமிடம் பயமாகத்தான் இருந்தது.

கிரைண்டர் முதல் மாடியில், எங்கள் சமையலறையில். காலை ஆறு மணிக்கு நானும் மனைவியும் மாவு நிறைந்த அடுக்குப் பாத்திரங்களை லிஃப்டில் இறக்கி, ஒரு மடக்கு மேசை போட்டு மாவு விற்போம். ஒன்பது மணிக்குத் தரையைக் கழுவிவிட்டு எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடுவோம். மற்ற நேரமெல்லாம் ஒன்றாம் நம்பர் கட்டம் காலியாகத்தான் கிடக்கும்.

முதல் நாள் டீச்சர் வந்தார். குழி விழுந்த அதே தூக்கு. அதைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத்தான் அவரைப் பார்த்தேன். தலை நரைத்துப் போயிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல நீங்க இவ்வளவு உயரம்னு எனக்குத் தெரியாதுங்க," என்றார்.

பாத்திரத்தை மேசையில் வைக்க இடமில்லாமல், அடுத்து வந்தவர் மஞ்சள் கோட்டின் மேல் வைத்தார். அதற்கு அடுத்தவர் அதன் பின்னால் வைத்தார். இப்போதெல்லாம் அந்தக் கோடுதான் வரிசை. பழைய தூக்குகள் ஐந்தாறு இருக்கின்றன. மற்றதெல்லாம் புதிய டப்பாக்கள், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன, யாருடையது எது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தர மாட்டீர்களா என்று கேட்கிறார்கள். அதற்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அட்டையைப் படிக்காமல் என் முகத்தைப் பார்த்தே கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்கிறேன், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

போன மாதம் ஒரு நாள் காலை நாங்கள் அடுக்குகளோடு இறங்கியபோது ஒன்றாம் நம்பர் கட்டத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவருடையது. காலியாகத்தானே இருக்கிறது என்று நிறுத்தியிருக்கிறார். அடுக்கைத் தரையில் வைத்தேன். அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், யாரென்று சொல்ல வேண்டும், காரை எடுக்கச் சொல்ல வேண்டும்.

ஆனால் வாங்க வந்தவர்கள் அதற்குள் தங்கள் வேலையைச் செய்துவிட்டிருந்தார்கள். மஞ்சள் கோட்டைக் கார் மறைத்துவிட்டதால், கார் முன்பக்கத்தின் மேலேயே பாத்திரங்களை வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். டீச்சரின் தூக்கு கண்ணாடியை ஒட்டி முதலில் நின்றது. பதினெட்டுப் பாத்திரங்கள்.

அன்று சீக்கிரமே ஆபீஸுக்குக் கிளம்பித் தம்பி இறங்கி வந்தான். அவனுடைய கார் இரண்டாம் நம்பரில் நிற்கிறது. அவன் மனைவி வாங்கிய சின்னக் கார் இன்றும் தெருவில்தான், புங்க மரத்தடியில், பறவை எச்சத்தோடு நிற்கிறது. வெள்ளைக் காரைப் பார்த்தான், பாத்திரங்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

சாவிக்கொத்தோடு ஒருவர் ஓடி வந்தார். "யார் சார் இது, கார் மேல பாத்திரத்த வெச்சது? அவசரமாப் போகணும், எல்லாத்தையும் எடுங்க."

"எடுக்க முடியாது சார்," என்றான் தம்பி. "வரிசை கலைஞ்சிடும். இது எங்க அண்ணன் எடம். பத்திரத்துல இருக்கு. வேணும்னா காட்டறேன்."

"அஞ்சு நிமிஷம்கூட..."

"மாவு ஊத்தி முடிக்கட்டும்."

அவன் தன் பையைக் கீழே வைத்துவிட்டு, மடக்கு மேசையை விரித்துக் காரின் பக்கத்தில் போட்டான். நான் அடுக்கைத் திறந்தேன். டீச்சரின் தூக்கிலிருந்து ஆரம்பித்தேன்.